மோசல் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜெர்மனியில் ட்ரியர் நகரத்திலிருந்து கோப்லென்ஸுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். அதை நம்பித்தான் பலரும் திட்டம் போடுகிறார்கள்: காலையில் ட்ரியரில் ரோமானியக் கோட்டை வாசல், மதியம் பெர்ன்காஸ்டலில் ஒயின், மாலையில் எல்ட்ஸ் கோட்டை, ராத்திரி கோஹெமில் தூக்கம். இது நடக்காது. அந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே மோசல் ஆறு சுமார் 190 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடுகிறது. கோஹெம் பக்கத்தில் ஆறு 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிவரும் இடத்தை, ரயில் 1879-ல் திறந்த 4.2 கிலோமீட்டர் சுரங்கத்தில் குறுக்கே கடந்துவிடும். ஆற்றங்கரைச் சாலையில் காரில் போனால் அந்த வளைவு முழுவதையும் நீங்கள் சுற்றத்தான் வேண்டும்.

படகு இன்னும் மெதுவு. ட்ரியருக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில் 10 தடுப்பணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் படகு ஒரு தொட்டிக்குள் நுழைந்து, தண்ணீர் ஏறும் வரையோ இறங்கும் வரையோ நிற்க வேண்டும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஊர் விட்டு ஊர் போக அதை நம்பக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு ஊர், அதற்கு மேல் வேண்டாம் என்பதுதான் என் கணக்கு.

அடுத்தது ரயில் பற்றியது. ஆற்றை ஒட்டியே ரயில் போகும் என்று நினைத்துக்கொண்டு பெர்ன்காஸ்டலில் அறை எடுத்துவிடுகிறார்கள். அந்த ஊருக்கு ரயிலே கிடையாது. புல்லாய் என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை ஆற்றை விட்டு விலகி, விட்லிஹ் வழியாக ட்ரியர் போய்விடுகிறது. புல்லாயிலிருந்து ட்ராபன்-ட்ரார்பாஹ் வரை ஒரு கிளைப் பாதை மட்டும் உண்டு. பெர்ன்காஸ்டல் போக விட்லிஹில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் மாலை வேளையும் என்றால், திரும்பி வரும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எல்ட்ஸ் கோட்டை விஷயத்தில் ஏமாற்றம் அதிகம். அது மோசல் கரையில் இல்லை. பக்கத்துக் காட்டுப் பள்ளத்தில், எல்ட்ஸ்பாஹ் என்ற சிற்றோடை சுற்றிவரும் பாறைமேல் இருக்கிறது. மோசல்கெர்ன் ரயில் நிலையத்திலிருந்து ஓடையோரமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நல்ல நடை அது, ஆனால் செருப்புப் போட்டுக்கொண்டு போகிற பாதை இல்லை. உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும், படம் எடுக்க அனுமதி இல்லை, குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க வருகிறவர்கள் இதையும் பட்டியலில் சேர்த்துவிட்டு, மூடிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு அங்கே போகத்தான் வேண்டுமா? கட்டாயம் போங்கள். 850 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில், ஒருமுறைகூட இடிபடாமல் நிற்கும் கோட்டை அது. கோஹெம் கோட்டையை இதோடு சேர்த்து எண்ணுவதும் ஒரு தவறு. அதை 1689-ல் பதினான்காம் லூயியின் படைகள் தகர்த்துவிட்டன. இன்று நாம் பார்க்கும் கோபுரங்களில் பெரும்பகுதி, பெர்லின் வணிகர் லூயி ராவனே 1868-லிருந்து எழுப்பியவை. இடைக்காலம் எப்படி இருந்திருக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டு கண்ட கனவு என்று நினைத்துப் பார்த்தால் அதுவும் பிடித்துப்போகும்.

ட்ரியருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ரோமானியப் பேரரசர்கள் குடியிருந்த நகரம் அது. போர்ட்டா நீக்ரா என்ற கருத்த வாசலின் முன் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சுவரின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கல்லும் கல்லும் சேருகிற இடங்களில் கை நுழைகிற அளவுக்குப் பள்ளங்கள் தெரியும். கி.பி. 170 வாக்கில் சாந்து இல்லாமல், இரும்புப் பிடிகளால் இணைத்துக் கட்டிய சுவர் அது. பிற்காலத்து ஆட்கள் அந்த இரும்புக்காகத் தோண்டிய தடம்தான் அந்தப் பள்ளங்கள். முழுக்கப் பெயர்த்துக்கொண்டு போகாமல் காப்பாற்றியது, அங்கே தன்னை அடைத்துக்கொண்டு தவமிருந்து 1035-ல் இறந்த சிமியோன் என்ற துறவி. அவருக்காக வாசலைத் தேவாலயமாக்கினார்கள். நகரத்தின் ரைன்லாந்து அருங்காட்சியகத்தில், நோய்மாகன் ஊரில் கிடைத்த கல் படகு ஒன்று இருக்கிறது. ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு துடுப்புப் போடுகிற ஆட்களோடு, ஒரு ரோமானியக் கல்லறைக்காகச் செதுக்கியது. திங்கட்கிழமை போனால் பார்க்க முடியாது, அன்று விடுமுறை.

அந்தப் படகைப் பார்த்த பிறகு ஒயின் பண்ணைக்குப் போவது நல்லது. இங்கே முதல் தவறு, ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின் என்றாலே இனிப்பு என்று முடிவு கட்டுவது. போத்தலில் கபினெட், ஷ்பேட்லேஸே, ஆவுஸ்லேஸே என்று போட்டிருப்பது, பறிக்கும்போது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதற்கான படிநிலை. ஒயினின் இனிப்பு அளவு தனி விஷயம். ட்ரோக்கன் என்று இருந்தால் இனிப்பில்லாதது, ஃபைன்ஹெர்ப் என்றால் லேசான இனிப்பு. எதுவும் எழுதவில்லையா? ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 8 என்றால் பழச் சர்க்கரை நிறைய மிச்சம் இருக்கிறது, 12 என்றால் அநேகமாக இனிப்பில்லாதது.

பெயரிலும் கவனம் வேண்டும். பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஃஷன் என்பது பீஸ்போர்ட் ஊரின் புகழ்பெற்ற ஒரு தனிச் சரிவுத் தோட்டம். பீஸ்போர்ட்டர் மிஹெல்ஸ்பெர்க் என்பது பல ஊர்த் தோட்டங்களைச் சேர்த்த பொதுப்பெயர். இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால், பின்னதை முன்னது என்று நினைத்து வாங்கி வருகிறவர்கள் உண்டு.

பண்ணைகள் பெரும்பாலும் வீடுகள்தான். சுவைக்கத் தருகிறவரே காலையில் கொடி வெட்டியவராக இருக்கலாம். அதனால் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டாதீர்கள், முதல் நாளே போன் செய்யுங்கள். அறுவடை நாட்களில் அவர்களுக்கு நேரமே இருக்காது. ஐந்தாறு வகை சுவைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து வருவது நன்றாக இருக்காது. முழுவதையும் விழுங்கவும் வேண்டாம். துப்புவதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள், அதில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை. காரை ஓட்டுகிறவர் குடிக்காமல் இருப்பதே நல்லது. சட்ட வரம்பு ஒரு கிலோ ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால், 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கும் துளிகூடக் கூடாது.

வாசலில் துடைப்பமோ தழை வளையமோ தொங்கும் வீட்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அது ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட். ஆண்டுக்கு 4 மாதம் வரை, 40 பேருக்கு மிகாமல் உட்காரவைத்து, பண்ணைக்காரர் தன் ஒயினையே விற்கும் இடம். கையில் ரொக்கம் வைத்திருங்கள். சைவக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஃப்ளாம்குகன் என்ற மெல்லிய ரொட்டியிலும் வெங்காயக் கேக்கிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் போடுவது வழக்கம்.

தோட்டத்துக்குள் நடக்கும்போது பழம் பறிக்கக் கூடாது, அது ஒருவருடைய ஒரு வருஷ உழைப்பு. ப்ரெம் ஊரில் கால்மோன்ட் சரிவு 65 பாகை வரை செங்குத்தானது. அங்கே பெரும்பாலும் கையால்தான் வேலை. காலடியில் கிடப்பது சிலேட்டுக் கல், பள்ளியில் நாம் எழுதிய பலகையின் அதே ரகம். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கொடிக்குக் கொடுப்பது அதுதான். மாலையில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், சூடு இருக்கும்.

செப்டம்பர், அக்டோபரில் போனால் ஃபெடர்வைசர் கிடைக்கும். இன்னும் நுரைத்துக்கொண்டே இருக்கும் புது ஒயின். வாயு வெளியேற வேண்டும் என்பதால் அதன் மூடியை இறுக்கமாகப் போடமாட்டார்கள். அதை ஊருக்கு எடுத்துப்போகும் ஆசை வேண்டாம், பைக்குள் படுக்கவைத்தால் உடையெல்லாம் நனைந்துவிடும். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போய், அன்றைக்கே குடித்துவிடுங்கள்.