மலிவு விலை கேமிங் மவுஸை எடைபோடும் முறை

இரண்டாயிரம் ரூபாய்க்குள் கேமிங் மவுஸ் வாங்க நினைப்பவரின் கண்ணில் முதலில் படுவது, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் டி.பி.ஐ. எண்தான்; மவுஸின் சிறு நகர்வுக்குக் கர்சர் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைக் குறிக்கும் அளவு அது. 7200, 12800 என்று போகும் அந்த எண், இந்த விலை வரம்பில், மவுஸின் தரத்தைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. சேலத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்து பெங்களூரில் பி.டி.எம். லேஅவுட்டிலும் மாரத்தஹள்ளியிலும் பி.ஜி. அறைகளில் தங்கிப் படிக்கும், வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்பது சிறிய தொகை அல்ல. அதனால் எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கிய பின் எதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கையிலிருந்து தொடங்குவதே முறை. மணிக்கட்டின் மடிப்புக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள்; மவுஸின் நீளத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். உள்ளங்கை முழுவதையும் மவுஸின் மேல் படியவைத்துப் பிடிப்பவர்களுக்கு நீளமான, முதுகு உயர்ந்த மவுஸ் பொருந்தும். விரல்களை வளைத்து நுனியால் மட்டும் இயக்குபவர்களுக்குக் குட்டையானதும் எடை குறைந்ததும் பொருந்தும். இந்த விலையில் பரவலாகக் கிடைக்கும் இரண்டை எடுத்துக்கொண்டால், லாஜிடெக் ஜி102 ஏறத்தாழ 117 மில்லி மீட்டர் நீளமும் 85 கிராம் எடையும் கொண்டது. ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் 127 மில்லி மீட்டர் நீளமும் 96 கிராம் எடையும் கொண்டது. காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். ஆனால் மூன்று மணி நேரம் தொடர்ந்து விளையாடிய பின் சுண்டுவிரல் மேசையில் உரசுகிறதா, மணிக்கட்டு வலிக்கிறதா என்பதை அந்த ஒரு சென்டிமீட்டர்தான் தீர்மானிக்கிறது. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் டெத்ஆடர் போன்ற, வலது கைக்கென்றே வளைத்துச் செய்யப்பட்ட வடிவங்களைத் தவிர்த்துவிட வேண்டும். வாங்குவதற்கு முன் அருகிலுள்ள கேமிங் கஃபே ஒன்றில் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து உட்கார்ந்து, அங்கே இருக்கும் மவுஸின் வடிவம் உங்கள் கைக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது நல்ல செலவு என்பது என் உறுதியான கருத்து.

சென்சாரின் பெயரைக் கேளுங்கள்

மவுஸின் அடியில் இருப்பது மிகச் சிறிய கேமரா. அது தனக்குக் கீழே உள்ள பரப்பை ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து நகர்வைக் கணக்கிடுகிறது. மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்பப்படுகிறது என்பதே டி.பி.ஐ. என்று வழங்கும் அளவு. சென்சாரால் உண்மையில் காண முடிந்ததற்கு மேல், கிடைத்த எண்ணிக்கையை மவுஸின் உள்மென்பொருளே பெருக்கி அனுப்பவும் முடியும். மலிவான மவுஸ்களில் காணப்படும் பெரிய எண்கள் பல இப்படிப் பெருக்கி வந்தவை. அவற்றால் கர்சர் வேகமாக ஓடுமே தவிர நுட்பம் கூடுவதில்லை. வேலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கி விளையாட்டுகளைத் தொழிலாக ஆடுபவர்களிலேயே பெரும்பாலோர் 400-க்கும் 1600-க்கும் இடையில்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே 12800 என்ற எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

கேட்க வேண்டியது சென்சாரின் பெயர். விற்பனையில் உள்ள கேமிங் மவுஸ்களில் மிகப் பல தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் சென்சாரையே கொண்டவை. அந்த வரிசையில் 3325 என்பது நொடிக்கு 100 அங்குல வேகம் வரை பின்தொடரும். 3327 என்பது 220 அங்குலம் வரை. 3360 என்பது 250 அங்குலம் வரை. நொடிக்கு 100 அங்குலம் என்றால் இரண்டரை மீட்டர். கேமுக்குள் சென்சிட்டிவிட்டியைக் குறைவாக வைத்து, முழங்கையோடு வீசித் திருப்புபவர்கள் அவசர கணங்களில் அந்த எல்லையை எட்டிவிடக்கூடும். எட்டினால் கர்சர் வானத்தையோ தரையையோ நோக்கி எகிறிவிடும். 220 என்பது ஐந்தரை மீட்டருக்கும் மேல். விளையாட்டில் கை அந்த வேகத்தைத் தொடுவது அரிது. எனவே விவரக்குறிப்பில் சென்சாரின் பெயரோ இந்த வேக எல்லையோ இருந்தால் அதை டி.பி.ஐ. எண்ணைவிட மேலாக மதியுங்கள். இரண்டுமே இல்லாமல் ஏழு வண்ண விளக்கை மட்டும் விவரிக்கும் பெட்டியை வைத்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

போலிங் ரேட் 1000 ஹெர்ட்ஸ் இருந்தால் போதும். 125 ஹெர்ட்ஸ் என்றால் எட்டு மில்லி செகண்டுக்கு ஒருமுறையும், 1000 என்றால் ஒரு மில்லி செகண்டுக்கு ஒருமுறையும் மவுஸ் தன் நிலையைக் கணினிக்குச் சொல்கிறது.

வீட்டில் செய்ய வேண்டிய சோதனைகள்

திருப்பிக் கொடுக்கும் கால வரம்பு முடிவதற்குள் இவற்றைச் செய்து முடித்துவிட வேண்டும். ஒரு ஸ்கேலும், கனமான புத்தகம் ஒன்றும், நான்கு பழைய சிடிக்களும், கணினியிலேயே உள்ள பெயிண்ட் மென்பொருளும் இருந்தால் போதுமானது. முதலில் விண்டோஸின் மவுஸ் அமைப்பில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரசிஷன்' என்ற தேர்வை நீக்குங்கள். பாயிண்டர் வேகத்தை மாற்றியிருந்தால் மீண்டும் நடுவில் கொண்டுவந்து வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் அளப்பது மவுஸையா, விண்டோஸையா என்று தெரியாமல் போய்விடும்.

மவுஸை 800 டி.பி.ஐ.யில் வைத்து, ஸ்கேலை ஒட்டி நேராக நகர்த்துங்கள். 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை கர்சர் செல்ல, மவுஸ் ஏறத்தாழ 6.1 சென்டிமீட்டர் நகர வேண்டும்; மேலிருந்து கீழே செல்ல 3.4 சென்டிமீட்டர். சில மில்லி மீட்டர் கூடக்குறைய இருப்பதால் கெடுதல் இல்லை, கை அதற்குப் பழகிவிடும். ஆனால் கிடைமட்டத்தில் ஒரு விகிதமும் செங்குத்தில் வேறொரு விகிதமும் வந்தால் அந்த மவுஸை வைத்துக்கொள்ளாதீர்கள். குறிபார்க்கும் பழக்கம் அதில் ஒருபோதும் கைகூடாது.

அடுத்தது எனக்கு மிக முக்கியமாகப் படும் சோதனை. கனமான புத்தகம் ஒன்றை மேசையில் வைத்து, மவுஸின் இடப்பக்கத்தை அதன் ஓரத்தோடு ஒட்டி நிறுத்தி, திரையில் கர்சர் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மவுஸை மெதுவாக வலப்பக்கம் நகர்த்திவிட்டு, அதே பாதையில் மிக வேகமாக இழுத்துப் புத்தகத்தின் ஓரத்தில் மீண்டும் முட்ட வையுங்கள். கர்சர் திரையின் விளிம்பில் முட்டாத அளவுக்கே நகர்த்த வேண்டும். நல்ல சென்சாராக இருந்தால் கர்சர் புறப்பட்ட இடத்துக்கே, அல்லது அதற்கு மிக அருகே, திரும்பி வரும். வேகமாக இழுத்தபோது மட்டும் தொலைவு மாறினால், அந்தச் சென்சார் வேகத்துக்கு ஏற்பக் கணக்கை மாற்றுகிறது என்று பொருள். எந்த அமைப்பாலும் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. தற்செயலாக நேர்ந்ததா என்று அறிய, இதைப் பலமுறை திரும்பச் செய்து பாருங்கள்.

பெயிண்டில் சாய்கோடுகளையும் வட்டங்களையும் மெதுவாக வரையுங்கள். உங்கள் கை நடுங்கும் அளவுக்குக் கோடு நடுங்குவது இயல்பு. கை நடுங்கியும் கோடு மட்டும் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக வந்தால், மவுஸ் உங்கள் அசைவைத் தானாக நேராக்குகிறது. சில மாடல்களில் இதை மென்பொருளில் அணைக்கலாம், முடியாதவற்றைத் தவிர்க்கலாம். கோடு முழுவதும் ரம்பப் பல்போல் வந்தால் டி.பி.ஐ.யைக் குறைத்து மீண்டும் வரையுங்கள். உயர்ந்த எண்ணில் மட்டும் பற்கள் தெரிந்தால், நீங்கள் அந்த எண்ணைப் பயன்படுத்தப் போவதில்லை என்பதால் கவலை வேண்டாம்.

மவுஸைத் தூக்கும்போது எந்த உயரத்தில் கர்சர் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதற்குத்தான் சிடிக்கள்; ஒரு சிடியின் தடிமன் 1.2 மில்லி மீட்டர். இரண்டு சிடிக்களைச் சிறு இடைவெளி விட்டு அருகருகே வைத்து, அந்த இடைவெளிக்கு நேர் மேலே சென்சார் வருமாறு மவுஸை அவற்றின் மேல் நிறுத்தி அசைத்துப் பாருங்கள். இந்த உயரத்திலேயே கர்சர் நின்றுவிட்டால் மிக நன்று. ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு சிடிக்களை அடுக்கிய பின்பும் கர்சர் நகர்ந்துகொண்டே இருந்தால், மவுஸைத் தூக்கித் தூக்கி இடம் மாற்றி விளையாடுபவர்களின் குறி ஒவ்வொரு முறையும் விலகும்.

பட்டன்களுக்கு வருவோம். மலிவு மவுஸ்களில் காலப்போக்கில் அதிகம் பழுதாவது சென்சார் அல்ல, இடது பட்டனின் ஸ்விட்ச்தான். உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடு தொடுமுனையில் மோதும்போது நுண்ணளவில் துள்ளுகிறது. அந்தத் துள்ளலைப் பொருட்படுத்தாமல் இருக்க உள்மென்பொருள் சில மில்லி செகண்டுகள் காத்திருக்கும். தகடு தேய்ந்தோ அழுக்கேறியோ துள்ளல் அந்த நேரத்தையும் தாண்டினால், ஒரு கிளிக் இரண்டாகப் பதிவாகிறது. பெட்டியில் காணும் இரண்டு கோடி, ஐந்து கோடி கிளிக் என்னும் கணக்கு இந்த ஸ்விட்சின் ஆயுளைக் குறிப்பது. அகச்சிவப்பு ஒளியால் இயங்கும் ஸ்விட்சுகளில் உலோகத் தொடுமுனை இல்லாததால் இந்தப் பழுது வருவதில்லை. ரேசர் வைப்பர் மினி போன்ற மாடல்களில் அவை உள்ளன, நியாயமான விலையில் கிடைத்தால் விட வேண்டாம். சோதிக்க, ஒரு கோப்பின் மேல் நிதானமாக ஒற்றைக் கிளிக்குகளைத் தொடர்ந்து கொடுங்கள். கோப்பு தானாகத் திறக்கக் கூடாது. இடது பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஒரு கோப்பைத் திரை முழுவதும் இழுங்கள். நடுவழியில் கோப்பு நழுவி விழக் கூடாது. நீளமான பக்கம் ஒன்றில் சக்கரத்தை வேகமாகக் கீழ்நோக்கி உருட்டும்போது பக்கம் ஒரு முறைகூட மேல்நோக்கித் துள்ளக் கூடாது.

வயர்லெஸ் மவுஸ் என்றால் ப்ளூடூத்தை நம்பி விளையாடாதீர்கள், மவுஸோடு வரும், யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் சிறு ரிசீவரான 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளையே பயன்படுத்துங்கள். யு.எஸ்.பி. 3.0 போர்ட்டிலிருந்து வரும் இரைச்சல் இந்த அலைவரிசையைப் பாதிக்கும் என்பதை இன்டெல் 2012-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுள்ளது. எனவே டாங்கிளை ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகி மவுஸுக்கு அருகில் வைப்பது நல்லது.

எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது

கே.ஆர். மார்க்கெட், சிக்பேட்டை மெட்ரோ நிலையங்களிலிருந்து நடந்தே போகக்கூடிய, பெங்களூரின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்குவதன் பெரிய வசதி, மவுஸைக் கையில் பிடித்துப் பார்க்கலாம் என்பதுதான். பல கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை செல்லுங்கள். பில் வேண்டாமென்றால் விலையைக் குறைத்துத் தருவதாக யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு கூடிய பில்லே பின்னாளில் வாரண்டிக்கான உங்கள் ஆதாரம். பெட்டியில் எம்.ஆர்.பி., இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, மவுஸின் அடியிலுள்ள சீரியல் எண் பெட்டியிலுள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள்.

இரட்டைக் கிளிக் போன்ற பழுது வாரண்டிக் காலத்துக்குள் வந்தால், அது நிகழ்வதைத் திரையோடு சேர்த்து மொபைலில் வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்ட பிறகே சர்வீஸ் சென்டருக்குச் செல்லுங்கள். விட்டுவிட்டு வரும் பழுது, அங்கே அவர்கள் சோதிக்கும் ஐந்து நிமிடத்தில் தலைகாட்டாமல் போகலாம். அதுவரை மவுஸைத் திறக்க முயல வேண்டாம். பெரும்பாலான மவுஸ்களில் திருகுகள் அடியில் ஒட்டியுள்ள வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே மறைந்திருக்கின்றன, பட்டையையோ முத்திரையையோ பிரித்த தடம் தெரிந்தால் வாரண்டியை மறுத்துவிடுவார்கள்.