பாதியில் நின்ற விண்டோஸ் நிறுவல்: கணினியை மீட்ட விதம்

மறுநிறுவல் நடுவில் கரண்ட் போய், பூட் டிவைஸ் இல்லை என்று கறுப்புத் திரை வந்தால் உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். டிஸ்க்கைத் துடைக்காமல் நிறுவியிருந்தால் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

முதலில் அவற்றை எடுக்க வேண்டும். 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் மீடியா தயாரித்து பூட் செய்து, மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட் + எஃப்10 அழுத்துங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நோட்பேட் என்று அடித்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் போய், 'ஆல் ஃபைல்ஸ்' கொடுத்தால் அந்தச் சின்ன ஜன்னலே எக்ஸ்புளோரராகிவிடும். ரைட் கிளிக், காப்பி, வெளி டிஸ்க்கில் பேஸ்ட். நகலாகும் அளவைக் காட்டாது, உறைந்த மாதிரி நிற்கும், காத்திருங்கள். பழைய கோப்புகள் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டருக்குள் போயிருக்கலாம், அங்கேயும் பாருங்கள். டிரைவ் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டியிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

பிறகு பூட் பகுதி, அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் கோப்புகள் இருக்கும் இடம். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் டிஸ்க்பார்ட் (diskpart, டிஸ்க் பகுதிகளைக் கையாளும் கருவி) என்று அடித்து, 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்தால் ஃபேட்32 வகையில் பொதுவாக 100 எம்பி அளவில் ஒரு பகுதி தெரியும். அதை செலக்ட் செய்து, 'அசைன் லெட்டர்=இசட்' கொடுத்து வெளியே வாருங்கள். விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்பதை 'டிர்' (dir, கோப்புப் பட்டியலைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். இந்தச் சூழலில் சி டிரைவ் டி ஆகியிருக்கலாம், பலரும் வழுக்குவது இங்கேதான். டி என்றால், பூட் கோப்புகளை மீண்டும் எழுத இந்தக் கட்டளை: bcdboot D:\Windows /s Z: /f UEFI

பூட் கோப்புகளை நகலெடுக்க முடியவில்லை என்று பிழை வந்தால், பெரும்பாலும் ஒன்று டிரைவ் எழுத்து தவறு, இல்லையேல் விண்டோஸ் ஃபோல்டரே அரைகுறை. அரைகுறை என்றால் இன்னொரு முறை நிறுவுவதுதான் வழி. லேப்டாப்பை சார்ஜரில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.