பிஎல்சியிலிருந்து ஹிஸ்டோரியனுக்கு: முதல் நாளே சரியாகச் செய்ய வேண்டியவை

இரத்மலானையிலோ பியகமவிலோ ஓடுகிற ஒரு தொழிற்சாலையின் பிஎல்சியை (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஹிஸ்டோரியனோடு (அதன் அளவீடுகளை நேரத்தோடு சேமிக்கும் தரவுத்தளம்) இணைக்கும்போது, கேபிள் இழுக்குமுன் டேக் பட்டியலை, அதாவது பதிய வேண்டிய ஒவ்வொரு அளவீட்டின் பட்டியலை, எழுதுங்கள். பெயர், அலகு, வீச்சு, முகவரி, டேட்டா வகை, எத்தனை செக்கனுக்கு ஒருமுறை என எல்லாம் எக்செலில் இருக்கட்டும். வெப்பநிலையை மட்டும் எடுத்தால் போதாது. அதன் செட்பொயின்ட் (இருக்க வேண்டிய இலக்கு அளவு), வால்வின் திறப்பு, ஓட்டோவா மெனுவலா என்ற நிலை, இவை மூன்றும் கூடவே வர வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வெப்பம் இறங்கியது ஏன் என்பதற்குப் பதில் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். பதியாமல் விட்டதைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அடுத்தது நெட்வேர்க். சேர்வரில் இரண்டு நெட்வேர்க் கார்ட் பூட்டி, ஒன்றை அலுவலகத்துக்கும் மற்றதைப் பிஎல்சிக்கும் கொடுப்பது பலரும் பிடிக்கிற குறுக்குவழி. தயவுசெய்து வேண்டாம். அலுவலகக் கணினியில் புகுந்த வைரஸ் அந்த வழியாகவே இயந்திரத்துக்குப் போகும். டேட்டாவைச் சேகரிக்கும் கலெக்டர் கட்டுப்பாட்டுப் பக்கம் இருக்கட்டும். ஹிஸ்டோரியன் சேர்வர் இரண்டு பக்கமும் பயர்வோல் உள்ள இடைப்பகுதியில் இருக்கட்டும். இணைப்பை எப்போதும் கலெக்டர்தான் தொடங்க வேண்டும். கலெக்டர் பாவிக்கும் பயனர் கணக்கு வாசிக்க மட்டும். எழுதும் அனுமதி கூடாது.

பிஎல்சியோடு கலெக்டர் பேசும் மொழி, அதாவது புரொட்டகோல், ஓபிசி யூஏ என்றால் வழக்கமான போர்ட் 4840. முதல் முயற்சியில் இணைப்பு மறுக்கப்பட்டால், சேர்வரின் நிராகரித்த சான்றிதழ்கள் பட்டியலில் கலெக்டரின் சான்றிதழ் கிடக்கும். அதை நம்பகமானவற்றுக்கு மாற்றுங்கள். மறுபக்கமும் அதையே செய்யுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் இரண்டு கணினிகளின் கடிகாரத்தையும் பெயரையும் பாருங்கள். கணினியின் பெயரை மாற்றினால் பழைய சான்றிதழ் பொருந்தாது. பழைய ஓபிசி டீஏ பாவிக்கிறவர்கள், 2023 மார்ச்சில் அது தங்கியிருக்கும் விண்டோஸ் தொடர்பு முறையான டீகொமின் பாதுகாப்பை மைக்ரோசொஃப்ட் கட்டாயமாக்கியதை நினைவில் வைத்திருங்கள். அப்டேட் போட்டவுடன் இணைப்பு அறுந்ததற்குப் பல இடங்களில் அதுதான் காரணம்.

புரொட்டகோல் மொட்பஸ் டிசிபி என்றால் போர்ட் 502. கையேட்டில் 40001 என்று இருக்கும் ரெஜிஸ்டர் (பெறுமதி இருக்கும் நினைவக இடம்) முகவரி பல மென்பொருள்களில் 0. ஒரு எண் தள்ளிப்போனால் பக்கத்து டேக்கின் பெறுமதி வரும், நம்பும்படியாகவும் இருக்கும். தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் வருவதால் வரிசை மாறினால் 25.0 என்பது பூச்சியத்தை ஒட்டிய ஏதோ எண்ணாகத் தெரியும். அந்த இரண்டு ரெஜிஸ்டர்களின் வரிசையை மாற்றும் தெரிவைப் (வேர்ட் ஸ்வொப்) போட்டால் சரியாகும். ஒரு வாசிப்பில் 125 ரெஜிஸ்டர்களுக்கு மேல் கேட்க முடியாது.

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் கம்ப்ரெஷன், அதாவது தேவையற்ற பெறுமதிகளைச் சேமிக்காமல் விடுவது. 1,000 டேக்கை ஒவ்வொரு செக்கனும் பதிந்தால் நாளொன்றுக்கு 8 கோடி 64 இலட்சம் பெறுமதிகள். ஒன்றுக்கு 16 பைட் வைத்தாலும் 1.4 ஜிகாபைட்டுக்குக் கிட்ட. இதற்குப் பயந்து டெட்பாண்டை (இதைவிடச் சிறிய மாற்றத்தைப் பதியாதே என்ற எல்லை) பெரிதாக வைத்துவிடுகிறார்கள்; வால்வு ஊசலாடுவது, பம்ப் மெல்லத் தேய்வது எல்லாம் நேர்கோடாகிவிடும். மணிக்கு 0 முதல் 500 கன மீற்றர் வரை ஓட்டத்தை அளக்கும், முழு வீச்சில் 0.5 வீதத் துல்லியமுள்ள மீற்றர் என்றால் அதன் பிழையே 2.5. சேர்வரில் சேமிக்கும்போது பார்க்கும் கம்ப்ரெஷன் எல்லையை 2, அதற்கு முன் கலெக்டர் அனுப்பும்போதே பார்க்கும் எக்செப்ஷன் எல்லையை 1 என்று தொடங்குங்கள். மாற்றமே இல்லாவிட்டாலும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பதியச் சொல்லுங்கள். மொத்தக் கணக்கு, பெட்ச் இலக்கம், ஒன்-ஓஃப் நிலை ஆகியவற்றுக்குக் கம்ப்ரெஷன் வேண்டாம்.

நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) சேமியுங்கள். இலங்கையின் கடிகாரம் 1996இல் இரண்டு தடவையும் 2006 ஏப்ரலில் ஒரு தடவையும் மாறியது. உள்ளூர் நேரத்தில் சேமித்திருந்தால் பின்னே நகர்ந்த அரை மணித்தியாலம் பதிவில் இரண்டு முறை வந்திருக்கும். பிஎல்சி, கலெக்டர், சேர்வர் மூன்றும் ஒரே நேரச் சேர்வரைப் பார்க்கட்டும்.

மின்வெட்டின்போது ஜெனரேட்டரில் இயந்திரம் ஓடும், அலுவலக ஸ்விட்ச் நின்றிருக்கும். ஆகவே இணைப்பு இல்லாதபோது டேட்டாவைத் தற்காலிகமாக வைத்திருக்க, கலெக்டரில் மூன்று நாளைக்குத் தாங்கும் பஃபர் வையுங்கள். 1,000 டேக்குக்கு 10 ஜிகாபைட் தாராளம். ஒப்படைக்குமுன் கலெக்டருக்கும் சேர்வருக்கும் இடையிலுள்ள கேபிளைக் கழட்டி 30 நிமிடம் விட்டு, திரும்பப் பூட்டிப் பாருங்கள். அந்த இடைவெளி தானாக நிரம்ப வேண்டும்.

கடைசியாக, மேலே சொன்ன 0 முதல் 500 வரையிலான மீற்றர் 4 முதல் 20 மில்லி அம்பியர் தருவது என்றால், அதன் இடத்தில் கலிபிரேட்டரால் (சோதனை மின்னோட்டம் தரும் கருவி) 12 மில்லி அம்பியர் கொடுத்தால் ஹிஸ்டோரியனில் 250 வர வேண்டும். பிறகு வயரைக் கழட்டுங்கள். தரம் கெட்டது என்ற குறியோடு பதிந்தால் வேலை சரி. மைனஸ் 125 நல்ல பெறுமதியாகப் பதிந்தால், வயர் அறுந்ததைப் பிஎல்சி கண்டுபிடிக்கவில்லை. அங்கே திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள்.