கயிற்று மீட்பு: நம்பத் தகுந்த ஆங்கரைத் தெரிவது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் ஏதாவது ஒரு தொடர்மாடியின் மேல்தளத்தில் நின்று சுற்றிப் பாருங்கள். தண்ணீர்த் தாங்கி, ஏசி வெளிப்பெட்டிகள், கைபிடி பைப், கட்டைச் சுவர், லிஃப்ட் மோட்டார் அறை. கயிறு கட்ட இடத்துக்குப் பஞ்சமே இல்லாததுபோல் தோன்றும். ஆனால் ஓர் உயிரைத் தொங்கவிடத் தகுந்தவை இவற்றில் ஒன்றோ இரண்டோதான். கயிற்றின் முழுப் பாரத்தையும் தாங்கும் அந்தப் பிடிமானத்தைத்தான் ஆங்கர் என்கிறோம்.

இங்கே சொல்வதைப் பயிற்றுநர் ஒருவரின் கண்முன், தரைமட்டத்தில் பழகுங்கள். உண்மையான விபத்து என்றால் முதல் வேலை 110க்கு அழைத்துத் தீயணைப்புப் பிரிவை வரவழைப்பது.

படி 1: பாரம் எவ்வளவு?

மீட்பவர், மீட்கப்படுபவர், உபகரணங்கள் எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 2 கிலோநியூட்டன் விசை. தளர்ந்த கயிறு திடீரென்று இழுபட்டால் விசை பல மடங்காகும். அதனால் பல குழுக்கள் பத்து மடங்கு, அதாவது 20 கிலோநியூட்டன் தாங்கும் ஆங்கரையே தேடுகின்றன.

படி 2: அது எதில் நிற்கிறது?

ஆக அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பொருளைப் பார்க்காதீர்கள், அதைப் பிடித்து வைத்திருப்பது எது என்று பாருங்கள். கைபிடி பைப்பை ஆட்டினால் அசையாமல் இருக்கலாம். அதன் அடியில் இருப்பதோ சில சிறு போல்ட்கள். கட்டைச் சுவர் பெரும்பாலும் சீமெந்துக்கல் அடுக்குத்தான், பக்கவாட்டு இழுவையில் சரிந்துவிடும். தண்ணீர்த் தாங்கி தன் பாரத்தால் மட்டும் நிற்கிறது. தண்ணீர் இறங்கினால் அந்தப் பாரமும் போய்விடும். ஏசி பிராக்கெட்டைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

நம்பக்கூடியவை, அத்திவாரத்திலிருந்து எழும் கொங்கிறீட் தூணும் அதோடு சேர்த்து வார்த்த பீமும். அவற்றையும் சோதியுங்கள். கடலை அண்டிய கட்டடங்களில் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி கறள் பிடிக்கும். கறள் பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீட்டை வெளியே தள்ளும். நீளவாக்கில் வெடிப்பு, மண்ணிறக் கசிவு, சுத்தியலால் தட்டும்போது உள்ளே வெற்றிடம் இருப்பதுபோன்ற சத்தம்: இதில் ஒன்று இருந்தாலும் வேறு தூண் தேடுங்கள். புதுப் பெயின்ற் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

மரமென்றால் உயிருள்ள, பருத்த அடிமரம்; தரையோடு ஒட்டிக் கட்டுங்கள். மழையில் ஊறிய மண்ணில் வேர் கிளம்பியிருந்தால் வேண்டாம். வாகனமென்றால் கைபிரேக் போட்டு, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, சாவியைப் பொறுப்பாளர் சட்டைப்பையில் வைக்க வேண்டும்.

படி 3: இழுவை எந்தப் பக்கம்?

கயிறு எந்தத் திசையில் இழுக்கப் போகிறது என்று கையால் காட்டிப் பாருங்கள். மேல்நோக்கி இழுத்தால் கழன்றுவிடும் பிடிமானம், கீழ்நோக்கி எவ்வளவு தாங்கினாலும் போதாது. வேலை நடக்கும்போது ஆள் பக்கவாட்டில் நகர்வார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

படி 4: கட்டுதல்

உருண்டைத் தூணாக இருந்தால் கயிற்றை மூன்று நான்கு முறை சுற்றி, முனையை மட்டும் கரபினரால் (வாய் திறந்து மூடும் உலோகக் கொளுக்கி) பூட்டுவது மிக நல்ல முறை. சுற்றுகளின் உராய்வே பாரத்தைத் தாங்குவதால் முடிச்சு இறுகாது, கயிற்றின் பலமும் ஏறத்தாழ முழுதாக மிஞ்சும். சாதாரண முடிச்சு அதில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை தின்றுவிடும். 11 மில்லிமீற்றர் கயிற்றுக்குத் தூண் குறைந்தது 9 சென்ரிமீற்றர் விட்டமாவது இருக்கட்டும். சதுரத் தூணின் விளிம்புகளுக்குத் தடித்த சாக்கு மடித்து வையுங்கள்.

படி 5: இரண்டு பிடிமானங்களைச் சேர்த்தால்

ஒன்று போதுமா என்ற சந்தேகம் வந்தால் இரண்டை இணைக்கலாம். அப்போது கயிறுகளுக்கு இடையிலான கோணம்தான் முக்கியம். 60 பாகையில் ஒவ்வொரு பக்கமும் பாரத்தில் 58 சதவீதத்தைத் தாங்கும். 90 பாகையில் அது 71. 120 பாகையில் ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையே தாங்க வேண்டும். அதையும் தாண்டினால் ஒற்றைப் பிடிமானத்தைவிட மோசம். மணிக்கூட்டில் 12க்கும் 3க்கும் இடைப்பட்ட அகலத்தைத் தாண்டாமல் பழகுங்கள்.

பிரதான கயிறும் பாதுகாப்புக் கயிறும் இயன்றவரை வெவ்வேறு ஆங்கர்களில் இருக்கட்டும்.

படி 6: பாரமேற்றிப் பார்த்தல்

விளிம்புக்குப் போகுமுன், பாதுகாப்பான இடத்தில் நின்று மூன்று நான்கு பேர் வேலைத் திசையிலேயே மெதுவாக இழுங்கள். தூண், கட்டு, கரபினர் வாய் மூன்றையும், கட்டியவர் அல்லாத வேறொருவர் கையால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். பிறகு ஒருவரை ஆங்கருக்கு அருகிலேயே நிறுத்துங்கள். கடைசி ஆள் தரையைத் தொடும்வரை அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.