சைக்கிளுக்குப் புதுப் பாகம் வாங்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிளைத் தாமே மேம்படுத்தத் தொடங்குபவர்களில் பலர் முதலில் வாங்குவது டயரைத்தான். முதலில் ஏமாறுவதும் அதில்தான். 26 அங்குலம் என்று கேட்டு வாங்கிய டயர் 26 அங்குல ரிம்மில் ஏற மறுக்கிறது, அல்லது ஏறிய பின்னும் ரிம்மில் பிடிப்பில்லாமல் தளர்ந்து நிற்கிறது. விற்றவர் பொய் சொல்லவில்லை, டயரின் மீது அச்சிட்டிருப்பதும் பொய்யில்லை. ஒரே பெயரில் வெவ்வேறு அளவுகள் நெடுங்காலமாகப் புழங்கி வருவதே காரணம். சைக்கிளின் எந்தப் பாகமும் தனியே வேலை செய்வதில்லை. டயருக்கு ரிம், பிரேக்குக்கு லீவர், செயினுக்குப் பல்சக்கரம், பெடலுக்கு அதைத் தாங்கும் கையான கிராங்க் என ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி இருக்கிறது. விலை குறைந்த பாகங்களின் தரக்குறைவால் நேரும் நஷ்டத்தைவிட, இந்த ஜோடியைப் பார்க்காமல் வாங்குவதால் நேரும் நஷ்டமே அதிகம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

டயரில் அளவு தசமத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, பின்னத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 26 × 1.75 என்பதும் 26 × 1 3/8 என்பதும் பார்வைக்கு நெருங்கிய உறவு போலத் தோன்றினாலும், முதலாவது 559 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்கும் இரண்டாவது 590 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்கும் உரியவை. 26 × 1 1/2 என்று இருந்தால் அது 584 மி.மீ. ரிம்முக்கான டயர், இதே 584தான் இன்றைய மலைப்பாதை சைக்கிள்களில் 27.5 என்ற பெயரில் வருகிறது. 28 அங்குலம் என்ற பெயருக்குள்ளும் பழைய கனமான சைக்கிள்களின் 635 மி.மீ. ரிம் ஒன்றும், 700சி எனப்படும் 622 மி.மீ. ரிம் ஒன்றும் ஒளிந்திருக்கின்றன. ஆகவே பெயரை நம்பாமல், 47-559 என்பது போல் நடுவில் சிறு கோடிட்ட எண்ணைத் தேட வேண்டும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயரின் ஓரம் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். பழைய டயரில் இந்த எண் ரப்பரோடு ரப்பராகப் புடைத்திருக்குமே தவிர வண்ணத்தில் இருக்காது. பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து தெளிவாகத் தெரியும். இரண்டாவது எண் பழைய டயரிலும் புதிய டயரிலும் அப்படியே ஒத்திருக்க வேண்டும். அதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போனால் போகட்டும் என்பதற்கு இடமே இல்லை.

அகலத்தில் மட்டும் சற்றுச் சுதந்திரம் உண்டு. அங்கேயும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் டயருக்கும் இடையில், பின்பக்கம் ஃபிரேமின் குழாய்களுக்கும் டயருக்கும் இடையில், பக்கத்துக்கு 5 மி.மீ. அளவாவது இடைவெளி நிற்க வேண்டும். ஸ்போக் ஒன்று தளர்ந்து ரிம் லேசாகக் கோணினாலும் உரசாமல் இருப்பதற்கு அந்த இடம் தேவை. தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவர்கள் கட்டைபோல் பட்டை பதித்த டயரைப் பார்த்து மயங்குவது இன்னொரு தவறு. அந்தக் கட்டைகள் சேற்றைக் கவ்வுவதற்காக உள்ளவை. சாலையில் அவை வளைந்து வளைந்து நம் உழைப்பைத் தின்னும். அதேபோல், பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்தம் உச்சவரம்பு மட்டுமே என்பதை மறந்து, எல்லா நேரமும் அந்த அளவுக்கே அடிப்பதால் சைக்கிள் குதிக்கிறது, பிடிமானமும் குறைகிறது.

பிரேக்கில் சிக்கனம்

மற்ற எந்தப் பாகத்தில் தவறினாலும் பணம்தான் போகும். பிரேக்கில் தவறினால் போவது பணம் மட்டுமல்ல என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ரிம்முக்கு மேலே ஒரே போல்ட்டில் தொங்கும் பழைய காலிப்பர் பிரேக்கை அகற்றிவிட்டு, ரிம்மின் இருபுறமும் நீண்ட கைகள் நிற்கும் வி-பிரேக்கை, அதற்கான முளைகள் ஃபிரேமில் இருக்கும்பட்சத்தில் பொருத்துவது செலவு குறைந்த, பலன் மிகுந்த மாற்றம். ஆனால் பலர் பிரேக்கை மட்டும் மாற்றிவிட்டு லீவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வி-பிரேக்கின் நீண்ட கைகள் நகர்வதற்குக் காலிப்பர் லீவர் இழுப்பதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு நீளத்துக்கு ஒயரை இழுக்க வேண்டும். பழைய லீவரோ அவ்வளவு இழுக்காது. பிரேக் கட்டை ரிம்மை இறுகப் பிடிக்குமுன் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும். இதற்கு நேர்மாறான சேர்க்கை இன்னும் ஆபத்தானது. வி-பிரேக்கின் லீவரைக் காலிப்பர் பிரேக்கோடு சேர்த்தால், கையில் பிடிக்கும்போது கல்லைப் பிடித்ததுபோல் உறுதியாக இருக்கும். ஓட்டுபவர் நல்ல பிரேக் அமைந்துவிட்டது என்று மகிழ்வார். ஆனால் கையின் பலம் பெருகாமல் ரிம்முக்குப் போவதால் இறக்கத்தில் வண்டி நிற்காது. லீவர் விறைப்பாக இருப்பதை வைத்துப் பிரேக்கின் பலத்தை எடைபோடக் கூடாது.

ஒயர் ஓடும் உறையிலும் இதே கவனம் வேண்டும். பிரேக் உறையும் கியர் உறையும் வெளியிலிருந்து பார்க்க ஒரே கறுப்புக் குழாய்களாகவே தெரிகின்றன. பொதுவாகப் பிரேக் உறை 5 மி.மீ. பருமனும் கியர் உறை 4 மி.மீ. பருமனும் இருக்கும். இரண்டையும் வெட்டி முனையைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பிரேக் உறைக்குள் தட்டைக் கம்பி ஒன்று ஸ்பிரிங்போல் சுருண்டு சுற்றியிருக்கும். கியர் உறைக்குள்ளோ மெல்லிய கம்பிகள் பல, துடைப்பக் குச்சிகளைக் கட்டியதுபோல் நீளவாக்கில் படுத்திருக்கும். அந்த நீளக் கம்பிகளைப் பிடித்து வைத்திருப்பது வெளியே இருக்கும் பிளாஸ்டிக் மட்டுமே. பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தும் கணத்தில் அந்தப் பிளாஸ்டிக் பிளந்து கம்பிகள் வெளியே விரிந்தால், பிரேக் மிகவும் தேவைப்படும் அதே நொடியில் அது இல்லாமல் போகிறது. மிச்சமிருக்கும் கியர் உறையைப் பிரேக்குக்குப் பயன்படுத்துவது எந்தச் சிக்கனத்திலும் சேராது.

குரோம் பூசிய எஃகு ரிம்மை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த பிரேக் கட்டைகளை மாற்றி மாற்றி வாங்குபவர்களையும் பார்க்கிறேன். நனைந்த எஃகு ரிம்மில் எந்தக் கட்டையும் சரியாகப் பிடிக்காது. அந்தச் செலவைச் சேர்த்து வைத்து ஒரு சோடி அலுமினிய ரிம் சக்கரங்களை வாங்குவது மழைக்காலப் பிரேக்கை அடியோடு மாற்றிவிடும். பழைய சைக்கிளுக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள், அதில் ஊற்ற வேண்டியது மினரல் ஆயிலா, டாட் வகைத் திரவமா என்பதை லீவரின் மூடியில் படித்துவிட்டே ஊற்ற வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக் முழுவதையும் மாற்ற நேரிடும்.

செயினும் பல்சக்கரமும்

புது செயின் மாட்டிய அன்றே அது பல்சக்கரத்தில் தாவித் தாவிக் குதிக்கிறது என்ற புகார் அடிக்கடி எழும். செயினில் குற்றமில்லை. பழைய செயினை அளவுக்கு மீறி ஓட்டியதால் பற்கள் அதன் நீட்சிக்கு ஏற்பத் தேய்ந்து போயிருக்கின்றன. சரியான அளவுள்ள புது செயினுக்கு அந்தப் பற்கள் பொருந்துவதில்லை. செயினின் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம் என்பதால், ஒரு பின்னின் மையத்தில் எஃகு அளவுகோலின் தொடக்கத்தை வைத்தால், அங்கிருந்து 24ஆவது பின்னின் மையம் மிகச் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அது 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். 1/8 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் பல்சக்கரத்துக்கும் சேர்த்தே பணம் எடுத்து வைக்க வேண்டும்.

பின்சக்கரத்தில் இருப்பது ஃப்ரீவீலா, கேசட்டா என்பது தெரியாமல் வாங்குவதும் சகஜம். ஃப்ரீவீல், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் மரையில் திருகி ஏறும் பல்சக்கரத் தொகுதி. கேசட் ஹப்பின் வரிப்பள்ளங்களில் செருகி, பூட்டு வளையத்தால் இறுக்கப்படுவது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறாது. மேடு ஏறுவதற்காகப் பெரிய பல்சக்கரம் வாங்குபவர்கள், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பின் டிரெய்லர் எவ்வளவு செயினைத் தாங்கும் என்ற கணக்கையும் போட வேண்டும். முன்னால் 42 பல்லும் 24 பல்லும், பின்னால் 14 முதல் 28 வரையும் இருந்தால், 18ஐயும் 14ஐயும் கூட்டி 32 தேவை. பின்னால் 14 முதல் 34 வரை என மாற்றினால் தேவை 38 ஆகிவிடும். டிரெய்லரின் திறன் அதற்குக் கீழே இருந்தால், ஒரு கோடியில் செயின் தொங்கும். மறுகோடியில் விறைத்து டிரெய்லரையே பிய்த்துவிடும்.

கியர் இல்லாத சைக்கிளுக்குக் கியர் பொருத்தலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்பதே என் பதில். ஃபிரேமில் டிரெய்லரைத் தொங்கவிடும் காது இருக்காது. பின்சக்கரம் நிற்கும் 110 அல்லது 120 மி.மீ. இடைவெளியில் 130 அல்லது 135 மி.மீ. ஹப்பைத் திணிக்க வேண்டியிருக்கும். ஃபிரேம் அலுமினியமாக இருந்தால் அதை விரிப்பது அறவே கூடாது. எல்லாம் வாங்கி முடிக்கையில் கியருள்ள பழைய சைக்கிள் ஒன்றையே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

மரையும் முறுக்கும்

நான் முதன்முதலில் பெடல் மாற்றியபோது, இடப்பக்கப் பெடலை வலப்பக்கப் பெடல் போலவே திருக முயன்றேன். அது ஏறாதபோது ஸ்பேனரை நீட்டிப் பலமாக அழுத்தினேன். எஃகு அச்சு அலுமினியக் கிராங்கின் மரையைச் சுரண்டி வெள்ளி நூல் போன்ற துருவலை வெளியே தள்ளியது. அந்தக் கிராங்கை அதன் பிறகு பயன்படுத்த முடியவில்லை. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, அதன் தலைப்பைச் சைக்கிளின் முன்பக்கமாகத் தள்ளினால் இரு பெடல்களும் இறுகும். பின்பக்கமாக இழுத்தால் இரண்டும் கழலும். மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருப்ப வேண்டும். விரலுக்கு வராத மரை ஸ்பேனருக்கும் வரக் கூடாது.

இறுக்கத்தின் அளவும் பாகத்துக்குப் பாகம் மாறும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் சிறு போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவே போதும், 10 செ.மீ. நீளமுள்ள சாவியின் முனையில் ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான விசை அது. நான்கு போல்ட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கி, மேலும் கீழும் இடைவெளி சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராங்கின் போல்ட்டுக்கோ 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டும். அது தளர்ந்த நிலையில் சில நாள் ஓட்டினாலே கிராங்கின் சதுரத் துளை உருண்டுவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

சீட் குழாயின் பருமன் 27.2, 30.9, 31.6 மி.மீ. எனப் பலவாறாக, சில ஃபிரேம்களில் 0.2 மி.மீ. வித்தியாசத்தில்கூட வருகிறது. சற்று மெலிந்த குழாயைச் செருகிவிட்டுக் கிளாம்பை இறுக்கியே சமாளிப்பவர்கள் ஃபிரேமின் வாயை விரிசல் விடச் செய்கிறார்கள். குழாயில் கோடு போட்டுக் காட்டியிருக்கும் குறைந்தபட்ச ஆழத்துக்கு மேலே சீட்டை உயர்த்துவதும் அதே இடத்தைத்தான் உடைக்கும்.

முன்பக்கம் ஷாக் அப்சார்பர் உள்ள ஃபோர்க்கைப் பொருத்த ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அது பழைய ஃபோர்க்கைவிட நீளமாக இருந்தால் முன்பக்கம் முழுவதும் உயர்ந்து, ஹேண்டில்பாரின் சாய்வு மாறி, வண்டி திரும்புவதில் மந்தமாகும். ஃபோர்க் நுழைந்து நிற்கும் ஃபிரேமின் தலைக்குழாய், அதற்கென வடிவமைக்கப்படாத விசையையும் தாங்க வேண்டி வரும். விலை குறைந்த ஷாக் ஃபோர்க்கில் எடை கூடுவது மட்டுமே நிச்சயம். சற்று அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் அதைவிட மென்மையான பயணம் கிடைக்கும். மோட்டார் கிட் பொருத்துபவர்களும் ஃபோர்க்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்சக்கர மோட்டார் தன் அச்சையே சுழற்றப் பார்க்கும், அலுமினிய ஃபோர்க்கின் நுனி அதைத் தாங்காமல் திடீரென விரிந்துவிடும்.

எடையைக் குறைக்கப் பணம் செலவிடுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 300 கிராம் குறைப்பது மொத்தத்தில் 0.35 சதவீதம்தான். அந்த 300 கிராமுக்காகப் பெயர் தெரியாத கார்பன் ஹேண்டில்பாரை வாங்குவது என்னால் ஏற்க முடியாத பேரம். அலுமினியம் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும், மோசமாகச் செய்த கார்பன் எச்சரிக்காமல் முறியும். மட்கார்டு, மணி, கைப்பிடி உறை, தண்ணீர்ப் பாட்டில் தாங்கி ஆகியவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். ஹேண்டில்பாரின் இரு முனைகளையும் அடைக்கும் மூடிகள் மட்டும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழும்போது திறந்த குழாய் முனை உடலில் குத்திக் கிழிக்கும்.

பாகங்களை ஒரே நாளில் மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால், புதிதாக ஒரு சத்தம் கேட்கும்போது அது எதிலிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை. மாற்றிய பின், சைக்கிளில் ஏறுமுன் இரு பிரேக்குகளையும் முழுப் பலத்தோடு பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைக் கால்களுக்கு இடையில் இறுக்கிப் பிடித்து ஹேண்டில்பாரைத் திருகிப் பார்க்க வேண்டும். சக்கரங்களைத் தூக்கிச் சுழற்றி எங்கும் உரசவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். பிறகு வாகனங்கள் இல்லாத இடத்தில் 10 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து, புதிதாகத் தொட்ட ஒவ்வொரு போல்ட்டிலும் மறுபடி சாவியை வைத்துப் பாருங்கள். புது ஒயர் சற்று நீண்டிருக்கும், பிரேக்கைத் திரும்பவும் இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். கழற்றிய பழைய பாகங்களை அதுவரை தூக்கி எறிய வேண்டாம்.