சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கில் 'ரிப்பேர்' ஓட்டாதீர்கள்

தொழில் பழக வரும் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை நாளடைவில் தாமாகவே திருந்திவிடும் என்பதால், ரேமைச் சரியாகச் செருகாமல் மதர்போர்டைக் குறை சொல்வது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீட்டுக் கணினிகளைப் பழுது பார்க்கும் எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு ஒன்று உண்டு. நான் பழகிய காலத்தில் செய்த அதே தவறை இவர்களும் முழு நம்பிக்கையோடு செய்கிறார்கள்.

முதல் வேலையாக செக்டிஸ்க் ஓட்டுவது

விண்டோஸ் ஆமை வேகத்தில் திறக்கிறது, ஏதோ ஒரு ஃபோல்டரைத் தொட்டதும் திரை அப்படியே நின்றுவிடுகிறது என்றால், டிஸ்க்கில் பேட் செக்டர் (படிக்க முடியாமல் கெட்டுப்போன சிறு பகுதி) விழத் தொடங்கியிருக்கலாம். அப்போது பழகுநரின் கை நேராகப் போவது விண்டோஸில் டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் 'செக்டிஸ்க்' கட்டளைக்குத்தான், அதுவும் பின்னால் 'ஆர்' சேர்த்து. அந்தக் கட்டளை பார்ட்டிஷன் முழுவதையும் செக்டர் செக்டராகப் படிக்கும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை (ஃபைல் சிஸ்டம்) ஒழுங்குபடுத்துவதற்காக அதே டிஸ்க்கில் எழுதவும் செய்யும். உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் நோக்கமே அன்று. படிக்கும் தலை ஏற்கெனவே தளர்ந்துபோன டிஸ்க்கில், மிச்சமிருக்கும் ஆயுளை அந்தச் சோதனையே தின்றுவிடும்.

கொருக்குப்பேட்டை ஸ்டுடியோக்காரர் ஒருவரின் டிஸ்க் அப்படித்தான் என்னிடம் வந்தது. "அண்ணே, ராத்திரி பூரா ஸ்கேன் ஓடுச்சு, எர்ரர் எல்லாம் சரியாயிடுச்சு" என்று கொண்டுவந்த பையன் பெருமையாகச் சொன்னான். முதல் நாள் மாலை வரை மணமக்கள் பெயரோடு தெரிந்த ஃபோல்டர்களுக்குப் பதிலாக 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டர் மட்டும் இருந்தது, அதற்குள் 'ஃபைல்0000.சிஎச்கே' என்று தொடங்கி வரிசையாக எண்கள். எது யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்ல வழியில்லை; திறந்து பார்த்தவற்றில் பல படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தன.

செய்ய வேண்டியது இதுதான். கணினியை அணைத்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, அந்தக் கணினியை லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து இயக்குங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 'பெண்டிங் செக்டர்' (படிக்கத் திணறும் செக்டர்களின் எண்ணிக்கை) பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகப் போகிறது; 'சிஆர்சி எர்ரர்' (தகவல் கடத்தும்போது வரும் பிழை) மட்டும் ஏறினால் முதலில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். அடுத்ததாக, அதே கொள்ளளவோ அதற்கு மேலோ உள்ள நல்ல டிஸ்க் ஒன்றுக்கு 'டிடிரெஸ்க்யூ' என்ற லினக்ஸ் மென்பொருள் மூலம் முழு நகல் எடுங்கள். அது நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்; எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். செக்டிஸ்க் ஓட்டியே தீர வேண்டுமென்றால் அந்த நகலின் மீது ஓட்டுங்கள். 'டக் டக்' என்று ஓசை வரும் டிஸ்க்கில் இதையும் முயலாமல், டேட்டா ரெகவரி லேபுக்கு அனுப்பிவிடுங்கள்.

அதே டிஸ்க்கில் விண்டோஸை மறுபடியும் ஏற்றுவது

கூடவே கூடாது.

டிஸ்க்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது

ஒரே வீட்டில் டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் போனால் கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்படுங்கள். கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது அதன் மஞ்சள் (12 வோல்ட்) கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்; சும்மா இருக்கும் கணினியில் பார்த்த அளவை நம்பாதீர்கள். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா? பழைய வீடுகளின் போர்ஷன்களில் பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்யாமல் புது டிஸ்க் வாங்குவது வீண் செலவு.

களிம்பேறிய ரேம்

காசிமேடு, ராயபுரம் கடற்காற்றில் இது சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான ரப்பரால் தொடர்பு முனைகளைத் துடைத்து மாட்டிப் பார்த்த பிறகே புது ரேமைப் பற்றிப் பேசுங்கள்.

எஸ்.எஸ்.டி.யில் அழித்ததைத் தேடுவது

அழித்த ஃபைல்களின் இடத்தைக் காலி செய்யவைக்கும் டிரிம் வசதி வேலை செய்து முடித்திருந்தால் பெரும்பாலும் கிடைக்காது.

வெள்ளத்தில் நனைந்த ஹார்ட் டிஸ்க்கை வெயிலில் வைப்பது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு, மொட்டை மாடியில் காயவைத்து, இயக்கியும் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தவர்கள் பலர். உள்ளே புகுந்த சேறு காய்ந்தால், தகவல் பதிந்திருக்கும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன் மீது தலை ஓடினால் பரப்பு கீறிவிடும். ஈரம் உலரும் முன், மின்சாரம் கொடுக்காமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி லேபில் ஒப்படைத்துவிடுங்கள்.