கடற்கரை ஊரில் நீலப்பூ வேண்டுமென்றால்

ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் தரையோடு தரையாகப் படர்ந்து ஆழ்ந்த நீலத்தில் பூக்கும் ஜென்ஷியன் செடியின் படத்தைப் பார்த்துவிட்டு, அதைப் புதுச்சேரியில் வளர்க்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் நன்றாக முளைக்கும் அவ்விதைக்கும், மார்கழியிலும் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் கடற்கரைக்கும் ஒத்துவராது.

அதே நீலத்தை இங்கே தருவது சங்குப்பூ. பல ஆண்டுகள் நிற்கும் இந்தக் கொடியின் விதைத்தோல் கடினமானது என்பதால், ஒரு பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, ஊறிப் பருத்தவற்றை மட்டும் அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒன்றிரண்டு வாரங்களில் முளைத்துவிடும். பிடுங்கி நட்டால் வேர் அறுந்து வாடும். ஆகையால் கொடி நிற்க வேண்டிய இடத்திலேயே, வெயில் நன்றாக விழுமாறு பார்த்து விதைக்க வேண்டும். பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் வேர் முடிச்சுகளிலேயே காற்றின் நைட்ரஜன் சேர்வதால் யூரியா தேவையில்லை. போட்டால் இலைதான் மண்டும்.

கடலூர்ப் பக்கத்துக் களிமண் நிலங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்கி வேர் அழுகுவதுதான் பெரிய தொல்லை. எனவே மணலும் மக்கிய எருவும் கலந்து ஓர் அடி உயர மேடு கட்டி அதில் விதைப்பது பாதுகாப்பானது. தை பிறந்ததும் கொடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுத் துளிர் விடும். காய்களைப் பிஞ்சிலேயே கிள்ளினால் பூ தொடரும். அடுக்கு இதழ் வகையும் கிடைக்கிறது; என் கண்ணுக்கு ஒற்றை இதழ்தான் அழகு.